அன்பின் எழுவாய் யார்? டவுன் சிண்ட்ரோம் உள்ள உறவினரைப் பற்றிய சிறார் கதைகளும் அவை எழுப்பும் விவாதமும்

ஒவ்வோர் ஆண்டும் உலக டவுன் சிண்ட்ரோம் நாளான மார்ச் 21 நெருங்கும்போது, டவுன் சிண்ட்ரோம் உள்ள அண்ணனையோ தங்கையையோ சித்தப்பாவையோ பற்றிய சிறார் கதைகளின் பட்டியல்கள் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பெற்றோர் வட்டங்களிலும் சுற்றத் தொடங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே ஒரு விவாதமும் வந்துவிடுகிறது. ஒருவர் நெஞ்சை உருக்கியது என்று பாராட்டும் அதே கதையை, டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளை வளர்க்கும் இன்னொருவர் தன் வீட்டு அலமாரியில் வைக்க விரும்பவில்லை என்கிறார். கதையில் கேலி இல்லை, வெறுப்பு இல்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாசம்தான் நிறைந்திருக்கிறது. அப்படியிருக்க இந்த மனக்கசப்பு எங்கிருந்து வருகிறது என்று வாசகர் குழம்புவது இயல்பே.

அக்கதைகளில் அன்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கவனித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன், மருத்துவ அடிப்படைகள் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் கதைகளில் நேரும் பிழைகளில் ஒரு பகுதி இந்த அடிப்படைகள் தெரியாததால் வருபவை.

டவுன் சிண்ட்ரோம் என்பது என்ன

மனித உயிரணுவில் வழக்கமாக 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் இருக்கும். அவற்றுள் 21ஆம் குரோமோசோம் இரண்டாக இருப்பதற்கு மாறாக மூன்றாக அமையும்போது உடலமைப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் ஏற்படும் வேறுபாடுகளின் தொகுப்பே டவுன் சிண்ட்ரோம். ஆண்டின் மூன்றாம் மாதத்து 21ஆம் நாளை இதற்குரிய உலக நாளாகத் தேர்ந்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஐக்கிய நாடுகள் அவை 2012 முதல் அந்நாளைக் கடைப்பிடிக்கிறது. பெயரில் உள்ள 'டவுன்' தாழ்வைக் குறிக்கும் சொல் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது 1866இல் இந்நிலையை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுனின் குடும்பப்பெயர், அவ்வளவே. காரணம் குரோமோசோமில் இருக்கிறது என்று ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1959இல்தான் வெளியிட்டார்கள். இடையில் கழிந்த தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஊகங்களும் பழிச்சொற்களும் அந்த வெற்றிடத்தை நிரப்பின.

உலக அளவில் ஏறத்தாழ 1,000 முதல் 1,100 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது காணப்படுகிறது. இவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு எல்லா உயிரணுக்களிலும் 21ஆம் குரோமோசோம் தனித்தனியாக மூன்று இருக்கும். மூன்று நான்கு விழுக்காட்டினருக்குக் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். எஞ்சிய சிலருக்குச் சில உயிரணுக்களில் மட்டும் இந்த மிகுதி இருக்கும். கதை எழுதுபவருக்கு இந்த வகைப்பாடு அவ்வளவாகத் தேவைப்படாது. அவருக்குத் தேவைப்படுபவை வேறு நான்கு.

1. இது யாருடைய தவற்றாலும் வருவதில்லை. கருவுற்றிருந்த தாய் எதையோ தின்றதாலோ, எதையோ பார்த்து அஞ்சியதாலோ, வீட்டில் சண்டை நடந்ததாலோ ஒரு குரோமோசோம் கூடிவிடாது. பெரியவர்களுக்கு இது எளிய செய்தி. ஆனால் தம்பி வேண்டாம் என்று ஒரு நாள் மனத்துக்குள் நினைத்துவிட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு, தன் நினைப்பால்தான் இப்படி ஆயிற்றோ என்ற அச்சம் உள்ளே தங்கியிருக்கக்கூடும். தனக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்ற அச்சமும் அப்படிப்பட்டதே. பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத இத்தகைய கேள்விக்குக் கதையால் விடை சொல்ல முடியும்.

2. புரிந்துகொள்ளும் திறனுக்கும் பேசும் திறனுக்கும் இடையே இடைவெளி உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, சொல்ல முடிவதைவிட விளங்கிக்கொள்வது மிகுதி. இரண்டு சொல்லில் பேசும் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு சொல் அளவுதான் சிந்தனை என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. கூடத்தில் அமர்ந்து அவரைப் பற்றியே பேசும் உறவினர்களின் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுகிறது, பெரும்பாலும் விளங்கவும் செய்கிறது.

3. தசைகள் தளர்வாக இருப்பதால் நடை, கைவேலை, உச்சரிப்பு ஆகியவை தாமதமாகக் கைகூடும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். நான்கில் மூவர் வரைக்கும் ஏதோ ஓர் அளவில் கேள்திறன் குறைவு இருக்கலாம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கதைகள் 'தன் உலகில் வாழ்கிறது' என்று அழகாகச் சொல்லிவிடுகின்றன. அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காமலும் இருந்திருக்கலாம்.

4. ஆயுள் நீண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் சராசரியாக 25 வயதாக இருந்த ஆயுட்காலம் இன்று 60 வயதை எட்டியிருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே செய்யப்படும் இதய அறுவைச் சிகிச்சையும், பெரிய காப்பகங்களில் அடைத்துவைக்கும் பழக்கம் ஒழிந்து வீட்டிலேயே வளர்ப்பதும் இதற்கான முதன்மைக் காரணங்கள்.

நான்காவது செய்தி கதையின் உருவத்தையே மாற்றிவிட்டது என்பது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. முன்பு எழுதப்பட்ட கதைகளில் இத்தகைய பாத்திரம் இறந்துவிடுவதோ எங்கோ அனுப்பிவைக்கப்படுவதோ உலக நடப்பை ஒட்டியிருந்தது. இன்று அப்படி முடித்தால் அது ஆசிரியரின் வசதிக்காகச் செய்த முடிவு. இன்றைய பிள்ளைக்குத் தெரிய வேண்டியது, தன் அண்ணன் தன்னோடு சேர்ந்து நடுவயதையும் முதுமையையும் காண்பான் என்பது. 21ஆம் குரோமோசோமில் அமைந்துள்ள ஒரு மரபணு அல்சைமர் நோயோடு தொடர்புடைய புரதத்தை உண்டாக்குவதால், இவர்களிடம் மறதிநோய் மற்றவர்களைவிட முன்னதாகவே தலைகாட்டக்கூடும். பெயர்களை மறக்கத் தொடங்கிய ஐம்பது வயது மாமாவின் கைபிடித்து நடக்கும் மருமகளின் கதை, பட்டியல்களில் நிரம்பி வழியும் 'புதுத் தம்பி பிறந்தான்' வகைக் கதைகளுக்கு இடையே அரிதாகவே கிடைக்கிறது. எழுத வேண்டியவை அங்கேதான் மிகுதி.

தாண்டிச் செல்லும் தருணம்

இவ்வகைக் கதைகள் வழக்கமாகச் சில களங்களில் நடக்கின்றன. குழந்தை பிறந்ததும் வீட்டில் நிலவும் இனம்புரியாத அமைதி ஒன்று. பள்ளியில் தோழர்கள் முன் ஏற்படும் கூச்சம் இன்னொன்று. இவ்விரண்டும் பலமுறை எழுதப்பட்டுவிட்டதால் இங்கே விரிக்கத் தேவையில்லை.

மூன்றாவது களம் இளையது மூத்ததைத் தாண்டிச் செல்லும் தருணம். நான்கு வயதுத் தங்கை ஒரு நாள் தானாகச் செருப்பு வாரைப் பூட்டிக்கொள்கிறாள். எட்டு வயது அண்ணனுக்கு இன்னும் அது கைவரவில்லை. அவள் குனிந்து அவனுக்கும் பூட்டிவிடுகிறாள். யாரும் எதுவும் சொல்லாத அந்தக் கணத்தில் வீட்டின் வரிசை மாறிவிடுகிறது. அவளுக்குப் பெருமையும் இருக்கிறது, ஏதோ களவாடியதைப் போன்ற உறுத்தலும் இருக்கிறது. அவன் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பெரும்பாலான கதைகள் எழுதுவதே இல்லை.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. நம் மொழியில் உடன்பிறந்தவன் என்று பொதுவாக அழைக்கும் வழக்கம் இல்லை. ஒருவன் அண்ணனாகவோ தம்பியாகவோ இருந்தே ஆக வேண்டும். செருப்பு வாரைப் பூட்டிவிட்ட பிறகும் அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லிலேயே மூப்பும் மரியாதையும் அடங்கியிருக்கின்றன. திறமை மாறினாலும் அச்சொல் மாறுவதில்லை. வெளியார் அவனைத் தம்பி என்று தவறாக நினைக்கும்போது அவள் திருத்துவாளா, அமைதியாக இருந்துவிடுவாளா என்ற ஒரே கேள்வியில் முழுக் கதையையும் நிறுத்திவிடலாம். எந்த அறிவுரையும் இல்லாமல், உறவுமுறைச் சொல்லே கதையைச் சுமந்துவிடும்.

எழுவாயும் செயப்படுபொருளும்

விவாதத்தின் மையம் இதுதான். கதையிலிருந்து சில பக்கங்களை எடுத்து, அவற்றின் வாக்கியங்களில் எழுவாயாக யார் வருகிறார் என்று எண்ணிப்பாருங்கள். 'நான் அவனுக்கு ஊட்டினேன்', 'நாங்கள் அவனை அழைத்துச் சென்றோம்', 'எல்லோரும் அவனை விரும்புகிறார்கள்', 'அவனிடமிருந்து நான் பொறுமையைக் கற்றேன்' என்று வரிசையாக வந்தால், அந்த அண்ணன் செயப்படுபொருளாகவே கதை முழுவதும் இருக்கிறான். அவனை விரும்புகிறார்கள், அவன் யாரை விரும்புகிறான் என்பது தெரியவில்லை. அவனுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள், அவன் எதை விட்டுக்கொடுத்தான் என்பது தெரியவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளின் தாய் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைப்பது இதனால்தான். தன் மகள் அதைப் படித்தால், தான் நேசிக்கப்படும் ஒரு பொருள் என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு அதில் கிடைக்காது.

அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் மிட்செல், ஷாரன் ஸ்னைடர் இருவரும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த ஒரு கருத்து இங்கே பயன்படும். இலக்கியம் உடற்குறையை ஓர் ஊன்றுகோலாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம்: கதை நகர வேண்டுமானால் குறையுள்ள பாத்திரத்தின் மீது சாய்ந்துகொள்கிறது, ஆனால் அந்தப் பாத்திரத்தின் வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கு அக்கறை இல்லை. உடன்பிறந்த பிள்ளையே கதைசொல்லியாக இருக்கும் கதைகளில் இந்த ஆபத்து இயல்பாகவே கூடுகிறது. கதைசொல்லிதான் மாறுகிறாள், வளர்கிறாள், கடைசிப் பக்கத்தில் நல்லவளாகிறாள். அதற்கான கருவியாக அண்ணன் வந்துபோகிறான்.

இந்த ஒருதிசைப் போக்கு வெளிப்படும் வடிவங்கள் மூன்று.

1. எப்போதும் சிரிக்கும் பாத்திரம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் எந்நேரமும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், பாசத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவர்களுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், சலிப்பு வரும். சிலருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைக் குறிக்கும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் எட்டாகக் கணக்கிடுகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இத்தகைய கதைகளில் தங்கைக்கு எட்டும் கிடைக்கின்றன. அண்ணனுக்கு நகையும் உவகையும் மட்டும். வெகுளியை, அதாவது சினத்தை, எப்போதாவது கொடுத்தாலும் அதற்குப் பிடிவாதம் என்று பெயரிட்டுவிடுகிறார்கள். பெருமிதம் கிட்டத்தட்ட எவருக்கும் தரப்படுவதில்லை. இது புகழ்ச்சியின் வடிவில் வரும் குறைப்பு என்பதால் கண்டுபிடிக்கக் கடினமானது.

2. தகுதியை நிறுவும் வீரச்செயல். தோழர்கள் அண்ணனை ஒதுக்குகிறார்கள். பிறகு அவன் ஒரு குழந்தையை ஆபத்திலிருந்து மீட்கிறான், அல்லது தொலைந்த நாயைக் கண்டுபிடிக்கிறான், அல்லது கடைசி நிமிடத்தில் கோல் அடிக்கிறான். உடனே எல்லோரும் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாசிக்கும் பிள்ளைக்கு இதிலிருந்து கிடைக்கும் தருக்கம் இது: வீரச்செயல் செய்தவன் சேர்த்துக்கொள்ளப்படுவான். எதையும் கண்டுபிடிக்காத, கோல் அடிக்காத, சாதாரண நாளில் சாதாரணமாக இருக்கும் அண்ணனைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் மறுபக்கம்.

3. புனிதமாக்குதல். தெய்வம் கொடுத்த குழந்தை, கள்ளமில்லாத தேவதை என்பன போன்ற சொற்கள். குடும்பத்தார் தங்கள் துயரத்தைக் கடக்க இவற்றைச் சொல்லிக்கொள்வதைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கதைசொல்லியின் குரலே அப்படிப் பேசினால், தேவதையோடு தம்பி சண்டைபோட முடியாது. சண்டைபோட முடியாத இடத்தில் உடன்பிறப்பு உறவு என்ற ஒன்றே இல்லை.

ஒரே காட்சி, இரண்டு விதம்

கோட்பாடாகச் சொல்வதைவிட ஒரு காட்சியை வைத்துக் காட்டினால் வேறுபாடு தெளிவாகும். காட்சி இது: காலையில் பள்ளிப் பேருந்து வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு வயது அண்ணன் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறான். தங்கை கெஞ்சுகிறாள், இழுக்கிறாள். பேருந்து போய்விடுகிறது.

முதல் விதம்: தங்கை கோபத்தில் கத்துகிறாள். அவன் சிறப்புக் குழந்தை, நாம்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். தங்கைக்குக் குற்றவுணர்வு ஏற்படுகிறது. அவள் அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் சிரிக்கிறான். கதை முடிகிறது.

இரண்டாம் விதம்: தங்கை கோபத்தில், பள்ளியில் காதில் விழுந்த ஓர் இழிசொல்லை அவன் மீது வீசிவிடுகிறாள். அவன் எழுந்து மேலே போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. அவள் உட்காரும் இடங்களிலிருந்து எழுந்து போய்விடுகிறான். முந்தைய நாள் அவன் வரைந்து பேருந்து ஓட்டுநருக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த படத்தைக் காணவில்லை என்பதும், அதைத் தேடித்தான் அவன் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான் என்பதும் மாலையில்தான் அவளுக்குத் தெரியவருகின்றன. இரவில் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'நாளைக்கு' என்கிறான்.

இரண்டு விதத்திலும் அன்பு இருக்கிறது. முதலாவதில் மன்னிப்பதும் அணைப்பதும் தங்கையின் கையில் இருக்கின்றன; அண்ணனின் மறுப்புக்குக் காரணமே தேவைப்படவில்லை, சிறப்புக் குழந்தை என்ற சொல்லே காரணத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாவதில் அவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது, புண்படும் மனம் இருந்தது, மன்னிப்பை ஒத்திவைக்கும் அதிகாரமும் இருந்தது. அன்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் உரிமை உள்ளவரே அன்பு செலுத்துபவராகவும் இருக்க முடியும். கதையில் இடம்பெறும் இழிசொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு: அப்படிப்பட்ட சொற்களைச் சிறார் கதைகளிலிருந்து அறவே நீக்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவற்றைக் கேட்கத்தான் செய்கிறார்கள். சொல்லை அப்படியே அச்சிடாமல், அது அவனை எப்படித் தாக்கியது என்று காட்டினாலே போதும்.

உடன்பிறந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்

அண்ணன் மீது கோபப்படும் தங்கையைக் காட்டினால் வாசகப் பிள்ளை தவறாகக் கற்றுக்கொள்ளாதா என்ற ஐயம் பெற்றோருக்கு எழும். அமெரிக்க மருத்துவர் பிரையன் ஸ்கோட்கோவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு வெளிச்சம் தருகிறது. ஸ்கோட்கோவின் தங்கைக்கும் டவுன் சிண்ட்ரோம் உண்டு. ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆன 822 உடன்பிறந்தவர்களிடம் கேட்டதில், 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்கள் உடன்பிறப்பிடம் பாசம் கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கூச்சப்படுவதாகச் சொன்னவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. வேறொரு உடன்பிறப்பை மாற்றாகப் பெற விரும்புவதாகச் சொன்னவர்கள் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. இதே குழு டவுன் சிண்ட்ரோம் உள்ள 284 பேரிடமும் நேரடியாகக் கேட்டது. அவர்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் தங்கள் வாழ்க்கையில் மகிழ்ச்சியாக இருப்பதாக விடையளித்தார்கள்.

இந்த எண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கேள்விகள் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் குடும்பங்களுக்கான அமைப்புகளில் உறுப்பினராக இருந்தவர்களிடம் கேட்கப்பட்டவை. ஆதரவு எதுவும் கிடைக்காமல் தனித்து நிற்கும் குடும்பங்கள் அதில் போதிய அளவு இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. அந்த 99 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மேலே சொன்ன எப்போதும் சிரிக்கும் பாத்திரத்துக்கு ஆதாரமாக்குவதும் பிழை. தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் நாள்தோறும் சிரித்துக்கொண்டிருப்பார் என்று பொருளாகாது. ஆயினும் ஒன்று தெரிகிறது: பெரும்பாலானோரிடம் பாசம் உறுதியாக இருக்கிறது, சிறுபான்மையோரிடம் கூச்சம் போன்ற உணர்வுகள் உண்மையாகவே இருக்கின்றன. அந்தச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தன் உணர்வை எங்கும் பார்க்க முடியாவிட்டால், தான் மட்டும்தான் கெட்டவள் என்று எண்ணிக்கொள்வாள். வலுவான பாசத்தின் மீது நின்றுகொண்டு கோபத்தைக் காட்டும் கதையால் எந்தக் கேடும் விளைவதில்லை என்பதே என் கணிப்பு.

சொற்களும் சுட்டுப்பெயர்களும்

லாங்டன் டவுன் 1866இல் இந்நிலைக்கு 'மங்கோலியர்' என்ற இனப்பெயரைச் சூட்டினார். அச்சொல்லைக் கைவிட வேண்டும் என்று மரபியல் அறிஞர்கள் பலர் சேர்ந்து 1961இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்; மங்கோலிய நாட்டின் கோரிக்கையை ஏற்று உலகச் சுகாதார நிறுவனம் 1965இல் அதைக் கைவிட்டது. பழைய கதைகளை மறுபதிப்பில் படிப்பவர்கள் அச்சொல்லை இன்றும் எதிர்கொள்ளலாம்.

தமிழில் சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. 'டவுன் சிண்ட்ரோமால் அவதிப்படும் சிறுவன்' என்றும் 'பாதிக்கப்பட்ட' என்றும் எழுதுவது கைவந்த வழக்கமாகிவிட்டது. அவன் அவதிப்படுகிறானா என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். 'டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவன்' என்பது போதும். இதை மனநோயோடு குழப்புவதும் அடிக்கடி நேர்கிறது. மனநோய் என்பது எண்ணத்தையும் உணர்ச்சியையும் பாதித்து, எந்த வயதிலும் வரக்கூடிய, மருத்துவத்தால் தணியக்கூடிய நிலை. டவுன் சிண்ட்ரோம் பிறவியிலேயே அமைவது. அது குணப்படுத்த வேண்டிய நோய் வகையைச் சேர்ந்ததே அல்ல.

இவற்றைவிட நுட்பமானது சுட்டுப்பெயர். உயர்திணையை மக்களுக்கு உரியதாக வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. சிறு குழந்தையை 'அது தூங்குகிறது' என்று செல்லமாகச் சொல்லலாம், அதில் குறையில்லை. ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞரைக் குறித்து 'அது பாவம்', 'அதுக்கு ஒன்றும் தெரியாது' என்று பேசுவது, அந்தச் செல்லத்தை அவர் வயதைத் தாண்டியும் இழுத்துச்செல்வதாகும். நாற்பது வயது மாமாவை 'அவன்' என்று குறிப்பிடும் கதை, அதே வயதுடைய பக்கத்து வீட்டுக்காரரை 'அவர்' என்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எழுத்தாளரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், மரியாதை விகுதி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக

படக்கதைகளில் ஓவியருக்கு இரண்டு பொறிகள் உண்டு. கண்ணோர மடிப்பு, தட்டையான மூக்குத்தண்டு போன்ற முக அடையாளங்களை மிகைப்படுத்தினால் கேலிச்சித்திரமாகிவிடும். முற்றிலும் அழித்துவிட்டால், தன்னைப் போன்ற முகத்தைத் தேடும் பிள்ளைக்கு ஏமாற்றமே மிஞ்சும். டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லோரும் ஒரே சாயலில் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் ஒரு பகுதி மட்டுமே உண்மை. ஒவ்வொருவருக்கும் தம் தாய் தந்தையின் சாயலும் இருக்கிறது. அக்காளின் புருவத்தைத் தம்பியின் முகத்திலும் வரையத் தெரிந்த ஓவியர், எழுத்தாளர் ஐந்து பக்கங்களில் சொல்ல முயல்வதை ஒரே கோட்டில் சொல்லிவிடுகிறார்.

யாருக்காக எழுதப்படுகிறது

அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் ஓர் உருவகத்தைத் தந்தார்: புத்தகம் சிலருக்குப் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னல், சிலருக்குத் தம் வாழ்வைக் காட்டும் கண்ணாடி. நம் பட்டியல்களில் உள்ள கதைகள் பெரும்பாலும் சன்னலாகவே கட்டப்படுகின்றன. அவற்றைப் படிப்பவர் டவுன் சிண்ட்ரோம் இல்லாத பிள்ளை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலர் படிக்கக் கற்கிறார்கள். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதைக் கொண்டு கற்பது அவர்களுக்கு எளிது என்பதால், முழுச் சொற்களாகப் பார்த்துப் படிக்கும் முறை பலருக்குப் பொருந்துகிறது. தன்னைப் பற்றிய கதையைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு சிறுமி, அதில் தன்னை எல்லோரும் சுமையைத் தாங்குவது போலத் தாங்குவதைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகியை மனத்தில் நிறுத்தி எழுதினால் பல வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

வளர்ச்சிக் குறைபாடு உள்ள பாத்திரங்களைச் செம்மையாகச் சித்திரிக்கும் சிறார் நூல்களுக்கென்றே டாலி கிரே விருது 2000 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவில் வழங்கப்படுகிறது. இளையோருக்கான நூல்கள் பற்றிய பன்னாட்டு அமைப்பான இபி (IBBY), உலகெங்குமிருந்து திரட்டிய இத்தகைய நூல்களின் தொகுப்பு 2014 முதல் கனடாவின் டொராண்டோ பொது நூலகத்தில் இருக்கிறது. தேடுபவர்களுக்கு இவை நல்ல தொடக்கங்கள். விருது பெற்ற நூலிலும் எழுவாயை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

எங்கே வாழ்வது என்ற கேள்வி

ஆயுள் நீண்டதன் விளைவாகக் கதைகளுக்குள் புதிதாக நுழைந்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. பெற்றோருக்கு வயதாகிறது; அவர்களுக்குப் பின் அண்ணனை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பதினான்கு வயதுத் தங்கை முன்வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறாள். அம்மா கண் கலங்குகிறாள். வாசகரும் கலங்குகிறார்.

மேலே குறிப்பிட்ட ஆய்வில், வயதில் பெரிய உடன்பிறந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எதிர்காலத்திலும் தங்கள் உடன்பிறப்பின் வாழ்வில் பங்கேற்க எண்ணியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே இக்காட்சி பொய்யானதல்ல. ஆனால் இதில் இரண்டு பேருக்கு அநீதி நடக்கிறது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் வாழ்நாள் முழுமைக்குமான வாக்கை ஒரு மாலைப்பொழுதில் கொடுத்துவிடுகிறாள், அதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு பிறருக்கு இருப்பதுபோலவே இவர்களுக்கும் இருக்க வேண்டும் என்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள், சிலர் உதவியாளர் துணையோடு தனி வீடுகளில் வசிக்கிறார்கள், திருமணம் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதையில் அண்ணன் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பேசப்படுவது அனைத்தும் அவனுக்கு விளங்குகிறது. அவன் பக்கம் திரும்பி, உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று யாராவது கேட்டுவிட்டால், அதற்கு அவன் சொல்லும் விடையிலிருந்து கதையின் மீதிப் பக்கங்களை எழுதத் தொடங்க வேண்டியிருக்கும்.